மோசமான ஆல்பத்துக்கு முந்தைய ஆல்பம்

வாசகர் ஒருவர்:
"பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸின் சரிவு 1997-இல் வந்த 'பீ ஹியர் நவ்' ஆல்பத்தில் தொடங்கியது. இதில் பேச்சே கிடையாது. பெரிய கலைஞர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ஆல்பம் இருக்கும். அதுவரை ஏறுமுகம், அதன்பிறகு இறங்குமுகம். உங்கள் கணக்கில் யாருக்கு எது?"

ஜனவரி 4

பேச்சு நிறைய இருக்கிறது. 'பீ ஹியர் நவ்' சரிவு வெளியே தெரிந்த இடம். தொடங்கியது அதற்கு முந்தைய ஆல்பத்தில், எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற 'மார்னிங் குளோரி'யில்.

1994 ஆகஸ்டில் முதல் ஆல்பம், 1995 அக்டோபரில் இரண்டாவது. அந்த நாட்களில் வந்த சிங்கிள்களின், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடுகிற சின்னத் தட்டுகளின், பின்பக்கப் பாட்டுகளைப் பாருங்கள். 'வாட்எவர்' சிங்கிளில் 'ஹாஃப் த வேர்ல்ட் அவே'. 'சம் மைட் சே' சிங்கிளில் 'அக்வியெஸ்'. 'வொண்டர்வால்' சிங்கிளில் 'த மாஸ்டர்பிளான்'. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் இதில் ஒரு பாட்டை நடுவில் வைத்து ஒரு ஆல்பத்தையே நிறுத்தியிருக்கும். குழுவுக்குப் பாட்டு எழுதிய நோயல் கேலகர் கையிருப்பை வாரி இறைத்தார். மூன்றாவது ஆல்பத்துக்கு உட்காரும்போது சட்டி கிட்டத்தட்ட காலி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூன்றாவதில் இருக்கிற 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்' கூட குழு பிரபலமாவதற்கு முன்பே எழுதி வைத்திருந்த பாட்டுதான். ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிற அளவுக்குப் பணம் வரட்டும் என்று காத்திருந்தார். பணம் வந்தது, ஆர்க்கெஸ்ட்ராவும் வந்தது, பாட்டு ஒன்பது நிமிடத்தைத் தாண்டிப் போயிற்று.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். மோசமான ஆல்பம் எது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய ஆல்பத்தில், பாட்டெல்லாம் நன்றாக இருக்கும்போதே, என்ன மாறிவிட்டது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ஜனவரி 4, இரவு

'பீ ஹியர் நவ்' முதல் நாளிலேயே பிரிட்டனில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது, அதைச் சரிவு என்று எப்படிச் சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். முதல் நாள் வாங்கியவர் யாரும் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாங்கவில்லை. முந்தைய ஆல்பத்தை நம்பி வாங்கினார்கள். முதல் வார விற்பனை எப்போதும் முந்தைய ஆல்பத்துக்குக் கிடைக்கிற மதிப்பெண். வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களும் புகழ்மாலைதான். கொஞ்ச காலம் போன பிறகு எல்லோரும் குரலை மாற்றிக்கொண்டார்கள்.

ஜனவரி 6

டேவிட் போவி. பெரும்பாலானவர்கள் 1984-இல் வந்த 'டுநைட்' என்பார்கள். நான் 1983-இல் வந்த 'லெட்ஸ் டான்ஸ்' என்பேன். அடிக்க வராதீர்கள், எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும். 'மாடர்ன் லவ்' தொடங்குகிற அந்த கிட்டார் வெட்டும், டிரம்ஸ் வந்து விழுகிற விதமும் இன்றைக்கும் என்னை உட்கார விடாது.

ஆனால் மொத்தம் எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 'சைனா கேர்ள்' 1977-இல் வந்த பாடகர் இகி பாப்பின் ஆல்பத்துக்காக இருவரும் சேர்ந்து எழுதியது. 'கேட் பீப்பிள்' முந்தைய வருடம் ஒரு படத்துக்காகப் பாடியது, இங்கே மறுபடி பதிவானது. 'கிரிமினல் வேர்ல்ட்' வேறொரு குழுவின் பாட்டு. மீதி ஐந்துதான் புதுசு. அதிலும் உயிருள்ளவை முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் 'ரிகோஷே' ஒன்றுதான் ஏதோ முயற்சி செய்கிறது. 'ஷேக் இட்' வரும்போது நேரம் போக்குகிற மாதிரிதான் இருக்கிறது.

எழுபதுகள் முழுக்க சாக்ஸபோன், கிட்டார், கீபோர்டு என்று எதையாவது கையில் எடுத்துக்கொண்டே இருந்த மனிதர் இந்த ஆல்பத்தில் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. பாடினார், அவ்வளவுதான். கிட்டார் சோலோக்களை அப்போது பெயர் தெரியாமல் இருந்த ஸ்டீவி ரே வான் வாசித்தார். 1980-இல் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' வரை கூடவே இருந்த புரொட்யூசர் டோனி விஸ்கான்டியைக் கூப்பிடவில்லை. நைல் ராட்ஜர்ஸ் வந்தார், வேலை மளமளவென்று முடிந்தது, போவி அதுவரை பார்க்காத வெற்றி. எளிதாக முடிந்த வேலை பெரிய வெற்றியும் பெற்றால் அடுத்த முறை யார் கஷ்டப்படுவார்கள்?

'டுநைட்' ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. போவி தனியாக எழுதியவை அதில் இரண்டே இரண்டு.

ஜனவரி 7

"புரொட்யூசர் மாறினால் சரிவு என்கிறீர்களா? நைல் ராட்ஜர்ஸ் மேல் என்ன தப்பு?" அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரைக் கேட்டது ஹிட் வேண்டும் என்று. கொடுத்தார்.

ஆனால் புரொட்யூசர் போனதும் ஆல்பம் கெட்டுவிடும் என்று நேர்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீவி வொண்டரைப் பாருங்கள். மால்கம் செசில், ராபர்ட் மார்கூலெஃப் என்ற இருவர், ஒரு அறையை அடைக்கிற டோன்டோ சிந்தசைசரோடு அவர்கூட நான்கு ஆல்பம் வேலை செய்தார்கள். 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்', 'டாக்கிங் புக்', 'இன்னர்விஷன்ஸ்', 'ஃபுல்ஃபில்லிங்னஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே'. எல்லாம் 1972-க்கும் 1974-க்கும் நடுவில். அதன்பிறகு அவர்கள் இல்லை. அவர்கள் இல்லாமல் 1976-இல் வந்ததுதான் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்', அவருடைய சிகரம் என்று பலர் சொல்கிற ஆல்பம். ஆக, கூட இருந்தவர் போனதும் உடனே எதுவும் இடிந்து விழாது. பழகிய கை கொஞ்ச தூரம் தானாகவே ஓடும். 1979-இல் செடிகொடிகள் பற்றிய ஆவணப்படத்துக்காகச் செய்த இரட்டை ஆல்பத்தில்தான் அவர்கள் இல்லாதது வெளியே தெரிந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கிய பால் சைமன், அந்த வருடம் ஆல்பம் எதுவும் வெளியிடாததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி சொன்னார். முந்தைய இரண்டு வருடமும் அந்த விருது ஸ்டீவிக்கு, அடுத்த வருடமும் அவருக்கே. அப்படி ஒரு உயரம் அது.

ஜனவரி 9

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்று ஒருவர் கேட்டார்.

ஒரு சின்னக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு எழுதுகிறவர் புதுப் பாட்டு கொண்டுவந்தால் நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம், டிரம்மர் மட்டும் ஆட்டமாட்டார். சண்டை போடவும் மாட்டார். பிடிக்காத இடம் வரும்போது குச்சிகளை ஸ்நேர் டிரம் மேல் குறுக்காக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். டிரம்ஸ் நின்றதும் மீதிப் பேர் வாசிப்பது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று எங்கள் காதிலேயே விழும். அந்த இடத்தை வெட்டுவோம். பாட்டு எழுதினவருக்கு முகம் சுருங்கும், அடுத்த வாரம் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொண்டுவருவார்.

டிரம்மர் வேலை நிமித்தம் வெளியூர் போனார். புதிதாக வந்தவர் அவரைவிடத் திறமைசாலி, சொன்னதையெல்லாம் அப்படியே வாசிப்பார். ஒத்திகை சிரிப்பும் பேச்சுமாகப் போயிற்று. பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. அந்தக் காலத்துப் பதிவுகளை இப்போது போட்டால் ஒவ்வொரு பாட்டிலும் அவர் குச்சியைக் கீழே வைத்திருக்கக்கூடிய இடம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு ஆல்பத்தை எடுத்தால் அதனால்தான் முதலில் அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கிறேன்.

ஜனவரி 10

ரோலிங் ஸ்டோன்ஸ்: 1968 'பெகர்ஸ் பேங்க்வெட்' முதல் 1973 'கோட்ஸ் ஹெட் சூப்' வரை ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களுக்கும் ஜிம்மி மில்லர்தான் புரொட்யூசர். கடைசி ஆல்பத்துக்கு வரும்போது அவரே தளர்ந்திருந்தார். அடுத்ததை ஜேகரும் ரிச்சர்ட்ஸும் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். கிட்டாரிஸ்ட் மிக் டெய்லர் 1974 முடிவில் கிளம்பிவிட்டார். ஆனாலும் 1978-இல் 'சம் கேர்ள்ஸ்' வந்ததே என்பீர்கள். வந்தது, அருமையான ஆல்பம். சரிவு ஒரே சீராக இறங்குவதில்லை.

ஜனவரி 13

நீளம் பற்றி யாரும் பேசவில்லையே. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு ஆல்பம் என்றால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் திணித்தால் வரிகள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும். குழுவில் யாருக்கும் வெட்ட மனசு வராவிட்டாலும் தட்டு வெட்டிவிடும். சிடி வந்து அந்தக் கத்தியைப் பிடுங்கிப் போட்டது.

மெட்டாலிகாவின் 'லோட்', 1996. கிட்டத்தட்ட 79 நிமிடம். சிடியில் கொள்ளக்கூடிய கடைசி நொடி வரை அடைத்தார்கள். கடைசிப் பாட்டான 'த அவுட்லா டார்ன்' அதிலும் கொள்ளாமல் ஒரு நிமிடம் குறைக்கப்பட்டது. முழு வடிவத்தைப் பிறகு ஒரு சிங்கிளில் வெளியிட்டார்கள். ஆல்பத்தின் ஆகச்சிறந்த பாட்டு அது என்பது என் கட்சி. அதைக் குறைத்துவிட்டு 'ரோனி'யை முழுசாக விட்டிருக்கிறார்கள்! முடி வெட்டிக்கொண்டார்கள், மை போட்டுக்கொண்டார்கள் என்றெல்லாம் அன்று ரசிகர்கள் திட்டினார்கள். அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பதினாலு பாட்டில் ஒன்பது வைத்திருந்தால் 'லோட்' இன்று வேறு மாதிரிப் பேசப்படும்.

கன்ஸ் அண்ட் ரோசஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1991 செப்டம்பரில் ஒரே நாளில் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு பாகம், மொத்தம் முப்பது பாட்டு. டிரம்மர் ஸ்டீவன் ஆட்லர் முந்தைய வருடமே வெளியேற்றப்பட்டிருந்தார். வெளியாகி இரண்டு மாதத்துக்குள் கிட்டாரிஸ்ட் இஸி ஸ்ட்ராட்லினும் போய்விட்டார். அடுத்து மற்றவர்களின் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம், அதற்கடுத்து சொந்தப் பாட்டோடு ஒரு ஆல்பம் வர 2008 ஆயிற்று.

'பீ ஹியர் நவ்' 71 நிமிடம் ஓடும். நான் கேட்கிற வடிவம் இது: 'மை பிக் மவுத்', 'ஸ்டாண்ட் பை மீ', 'ஐ ஹோப், ஐ திங்க், ஐ நோ', 'த கேர்ள் இன் த டர்ட்டி ஷர்ட்', 'டோண்ட் கோ அவே', பின்பக்கத்தில் ஒதுக்கிவிட்ட 'ஸ்டே யங்', கடைசியில் 'டி யூ நோ வாட் ஐ மீன்'. போட்டுக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

ஜனவரி 17

பாப் டிலன். மூன்று பேர் 1970-இன் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அதற்கு ஐந்து வருடம் கழித்து 'பிளட் ஆன் த டிராக்ஸ்' எழுதின மனிதர் 1970-இலேயே சரிந்துவிட்டார் என்றால் என்ன பொருள்? 2013-இல் அந்தக் காலத்துப் பதிவுகளை மேல்பூச்சு வாத்தியங்கள் இல்லாமல் வெளியிட்டபோது குரல் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

என் கணக்கில் 1983, 'இன்ஃபிடல்ஸ்'. நல்ல ஆல்பம். 'ஜோக்கர்மேன்' இருக்கிறது. கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்ளர் கூட இருந்து தயாரித்தது. ஸ்லை டன்பரும் ராபி ஷேக்ஸ்பியரும் டிரம்ஸ், பேஸ். இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. பதிவானது நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில். சில மாதம் முன்புதான் போவி அதே இடத்தில் 'லெட்ஸ் டான்ஸ்' முடித்துவிட்டுப் போயிருந்தார்.

அங்கே பதிவான ஒரு பாட்டு 'பிளைண்ட் வில்லி மெக்டெல்'. டிலன் பியானோ, நாஃப்ளர் கிட்டார், வேறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பத்தியும் அந்தப் பழைய ப்ளூஸ் பாடகரின் பெயரில் போய் முடியும். அவரைப் போல் வேறு யாராலும் பாட முடியாது என்று பாடிக்கொண்டே, தானே அந்த அளவுக்குப் பாடிவிடுகிறார். முதல் முறை கேட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்க்கவில்லை! நாஃப்ளர் தன் குழுவோடு சுற்றுப்பயணம் கிளம்பிவிட, மிக்ஸை டிலன் தன் விருப்பப்படி முடித்தார். 'யூனியன் சன்டவுன்' உள்ளே, 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' வெளியே. அது முறையாக வெளிவந்தது 1991-இல்.

நோயலுக்குச் சட்டி காலி. டிலனுக்குச் சட்டி நிறைய இருந்தும் அகப்பையில் வரவில்லை. எழுதுகிற திறமை அப்படியே இருக்கிறது, எது நல்லது என்று பொறுக்குகிற புலன் மழுங்கியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை என்னை அதிகம் வருத்துகிறது. அடுத்து 1985, 86, 88 என்று மூன்று ஆல்பங்கள் வந்தன. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கச் சொன்னால் என்னால் முடியாது. 1989-இல் புரொட்யூசர் டேனியல் லன்வாவோடு 'ஓ மெர்சி' வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிலும் 'சீரீஸ் ஆஃப் ட்ரீம்ஸ்' பாட்டை ஒதுக்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி 18

அதே டிலனுக்கு 1997-இல் வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' அடுத்த வருடம் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கித் தந்தது. அறுபதை நெருங்கும் வயதில். ஆகவே இறங்கினால் இறங்கினதுதான் என்று எழுதியவர் அந்த ஆல்பத்தை இருட்டின பிறகு ஒரு முறை கேட்கட்டும்.

ஜனவரி 24

கேட்கிறவர்கள் பங்கும் இதில் இருக்கிறது. வீஸர் குழுவின் 'பிங்கர்டன்', 1996. குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ தன் வெட்கம், ஏக்கம் எல்லாவற்றையும் அப்படியே கொட்டி எழுதினார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் வாசகர்கள் அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சில வருடங்களில் அதே பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 2001-இல் வந்த, பச்சை அட்டை போட்ட ஆல்பத்தைக் கேளுங்கள். அரை மணி நேரம்கூட இல்லை, பிசிறு கிடையாது, பாடுகிறவரைப் பற்றி ஒரு விவரமும் கிடையாது. கிட்டார் சோலோ வருகிற இடத்தில் பாடின மெட்டையே கிட்டார் திரும்ப வாசிக்கிறது. தன்னிடமிருந்து ஒரு சுரத்தைக்கூடப் புதிதாக வெளியே விடக்கூடாது என்று முடிவெடுத்தவர் வாசிக்கிற சோலோ அது. நல்ல பாட்டுகள்தான், எனக்கும் மனப்பாடம். ஆனால் எழுதினவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இங்கே சரிவின் தொடக்கம் என்று நாம் முத்திரை குத்தின ஆல்பம் உண்மையில் உச்சம். குத்தின முத்திரைதான் அவரைக் கீழே இழுத்தது.

பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பூஜ்யம் கொடுத்தது. அதை எழுதியவரே 2019-இல் மன்னிப்புக் கேட்டார். இப்படிப் பட்டியல் போடும்போது இது நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 1

ஸ்டீவி வொண்டரின் அந்தச் செடிகொடி ஆல்பத்தை இந்த வாரம் முழுதாகக் கேட்டேன். படத்துக்கான இசை என்று வைத்துக்கொண்டு கேட்டால் குறை சொல்வது கஷ்டம். 'செண்ட் ஒன் யுவர் லவ்' ஒரு பாட்டுக்காகவே வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் இசை எங்கேயோ போகக் கிளம்பிவிட்டு அடுத்த வாத்தியத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறது. 'இன்னர்விஷன்ஸ்' காலத்தில் இப்படி ஒரு நொடி நிற்காது. அடுத்த வருடமே 'ஹாட்டர் தன் ஜூலை' வந்தது, பாதிக்கு மேல் மிக நல்ல பாட்டுகள். எனக்கு அவரிடம் பெரிய மாற்றமாகத் தெரிவது இடைவெளிதான். வருடத்துக்கு ஒன்று என்று வந்தவை பிறகு பல வருடங்களுக்கு ஒன்று என்று ஆகிவிட்டன.

பிப்ரவரி 3

ஆர்.இ.எம். குழுவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இரண்டு பேர். அவர்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சிரமம், அதனால் தள்ளிப்போட்டேன்.

1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லொசானில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்மர் பில் பெர்ரிக்கு மூளையில் ரத்தநாளம் வெடித்தது. பிழைத்தார், திரும்ப வந்தார், 1996-இல் 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' முடித்துக் கொடுத்தார், 1997 அக்டோபரில் விடைபெற்றார். வெறும் டிரம்மர் இல்லை அவர். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் பெரும்பகுதி அவர் கொண்டுவந்தது.

1998-இல் மூன்று பேராக 'அப்' செய்தார்கள். சரிவு இதில்தான் தொடங்குகிறது என்பது எல்லோரும் சொல்வது. நான் இதுவரை எழுதினதை வைத்துப் பார்த்தால் நானும் அதையே சொல்ல வேண்டும்: கூட இருந்தவர் போய்விட்டார், ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆனால் 'அப்' ஆல்பத்தில் ஆள் போன இடம் மறைக்கப்படவில்லை. பாட்டுக்குப் பாட்டு டிரம் மெஷின் தட்டுகிறது, அதைச் சுற்றி மூன்று பேரும் தடுமாறுவது கேட்கிறது, அந்தத் தடுமாற்றத்திலிருந்தே பாட்டு பிறக்கிறது. பயந்துகொண்டு பழையபடி வாசிக்க முயன்றிருந்தால் அது சரிவு. 2004-இல் 'அரவுண்ட் த சன்' அப்படித்தான் ஆயிற்று. எல்லாம் ஒரே வேகம், ஒரே வெளிச்சம், யாருக்கும் அங்கே இருக்க விருப்பமில்லை என்பது கிட்டாரிலேயே தெரியும். அதன்பிறகு 2008-இல் 'ஆக்ஸிலரேட்', 35 நிமிடத்துக்குள், மூச்சு விடாமல். 2011-இல் இன்னொன்று, அதே வருடம் செப்டம்பரில் சண்டை சச்சரவு இல்லாமல் குழுவைக் கலைத்துக்கொண்டார்கள்.

'அப்' இதுவரை கேட்காதவர்களுக்கு: வரிசைப்படி தொடங்காதீர்கள், முதல் பாட்டு 'ஏர்போர்ட்மேன்' உங்களை வெளியே தள்ளிவிடும். 'வாக் அன்அஃப்ரெய்ட்' முதலில், பிறகு 'டேஸ்லீப்பர்', பிறகு 'அட் மை மோஸ்ட் பியூட்டிஃபுல்'. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் அடுத்த நாள் முதலிலிருந்து போடுங்கள், 'ஏர்போர்ட்மேன்' அப்போது சரியாகக் கேட்கும்.